கடவுளை நேருக்கு நேர் காண்போமா? மறுவாழ்வின் இறைக்காட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும், அடக்கம் முடிந்து திரும்பும் வழியிலும், வேதபாடக் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. எல்லாச் சபைகளும் ஒத்துப்போகும் இடங்களைப் பொதுவாகவும், பிரியும் இடங்களைச் சபையின் பெயர் சொல்லியும் எழுதியிருக்கிறோம். வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வசனங்களைத் திறந்து பார்த்தபடியே வாசியுங்கள்.

1. மோட்சத்துக்குப் போனா கடவுளை நிஜமாவே பார்ப்போமா, இல்ல அது சும்மா ஒரு பேச்சா?

நிஜமாகவே காண்போம் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. மலைப்பொழிவில் இயேசு கொடுத்த வாக்கு இது: "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்" (மத்தேயு 5:8). "அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 13:12). அவர் இருக்கிற வண்ணமாகவே அவரைக் காண்போம் என்கிறது 1 யோவான் 3:2. வேதாகமத்தின் கடைசி அதிகாரமும் இதையே சொல்கிறது: அவருடைய ஊழியர் அவர் முகத்தைக் காண்பார்கள் (வெளிப்படுத்தல் 22:4).

பொன் வீதியும் முத்து வாசலும் இந்த நம்பிக்கையைச் சுற்றியுள்ள படங்கள். மோட்சத்தை மோட்சமாக்குவது கடவுளின் முகம். கத்தோலிக்க மறைக்கல்வி இதைப் பேரின்பக் காட்சி என்கிறது. நாம் இங்கே இறைக்காட்சி என்று சொல்லிக்கொள்வோம்.

2. "தேவனை ஒருவனும் ஒருக்காலும் கண்டதில்லை"ன்னு யோவான்லயே இருக்கே. அப்புறம் எப்படி?

யோவான் 1:18ஐப் பாதியில் நிறுத்திவிடுவதால் வரும் குழப்பம் இது. அதே வசனத்தின் மறுபாதி, பிதாவின் மடியிலிருக்கும் குமாரன் அவரை வெளிப்படுத்தினார் என்கிறது. மனிதன் தன் முயற்சியால் கடவுளை எட்டிப் பார்த்ததில்லை என்பது முதல் பாதி. கடவுளே தம்மைக் காட்ட முன்வந்தார் என்பது இரண்டாம் பாதி.

இதைவிடக் கடினமான வசனம் 1 தீமோத்தேயு 6:16. கடவுள் யாரும் அணுக முடியாத ஒளியில் வாழ்கிறார், எந்த மனிதரும் அவரைக் காணவும் முடியாது என்கிறது அது. மேற்கத்திய மரபு இதை மனிதனின் சொந்தத் திறனைப் பற்றிய கூற்றாக எடுத்துக்கொண்டது (கேள்வி 6). கிழக்கத்திய (ஆர்த்தடாக்ஸ்) மரபோ, என்றென்றைக்கும் உண்மையான கூற்றாகவே வைத்துக்கொண்டு வேறு வழியில் விளக்கியது (கேள்வி 11). சபைகள் பிரியும் இடம் இந்த ஒரு வசனத்திலேயே தெரிந்துவிடுகிறது.

3. மோசே முகமுகமாப் பேசினார்னு ஒரு இடத்துல, முகத்தைப் பார்க்க முடியாதுன்னு இன்னொரு இடத்துல. எது சரி?

இரண்டும் ஒரே அதிகாரத்தில், ஒன்பது வசன இடைவெளியில் இருக்கின்றன: யாத்திராகமம் 33:11, 33:20. எழுதியவருக்கு இது தெரியாமல் போயிருக்காது. முதலாவது உரையாடலின் நெருக்கத்தைச் சொல்கிறது. ஒருவன் தன் நண்பனோடு பேசுவதுபோல் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. அப்போதும் கூடார வாசலில் நின்றது மேகத்தூண்தான். இரண்டாவது, "உம் மகிமையைக் காட்டும்" என்று மோசே கேட்டதற்கு வந்த பதில்.

33:21 முதல் 23 வரை மெதுவாக வாசியுங்கள். கடவுள் மறுத்துவிட்டுப் போய்விடவில்லை. தம் அருகே ஓர் இடம் காட்டுகிறார், பாறையின் பிளவில் நிறுத்துகிறார், கடந்து போகும்வரை தம் கையால் மூடுகிறார், பிறகு கையை எடுக்கிறார். மோசே பின்புறத்தைக் காண்கிறார். காட்சியைக் கேட்டவனை அதன் வேகத்திலிருந்து காப்பாற்றுவதும் அந்தக் கைதான்.

2ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயராயிருந்த இரேனேயு இதை, சீடர்கள்முன் இயேசுவின் முகம் ஒளிர்ந்த உருமாற்ற மலையோடு சேர்த்து வாசித்தார். சீனாய் மலையில் மறுக்கப்பட்ட முகம், எலியாவும் உடனிருக்க, மோசேக்கு இயேசுவின் முகமாகக் காட்டப்பட்டது என்பது அவர் விளக்கம். எங்களுக்கு இதைவிட நிறைவான விளக்கம் கிடைத்ததில்லை.

4. எந்தக் கண்ணால பார்ப்போம்? இந்தக் கண்ணாலயா?

கடவுளுக்கு உடலில்லை, நிறமில்லை, அளவில்லை. எனவே கண்ணின் விழித்திரையில் விழும் உருவமாக அவரைக் காண முடியாது. காட்சி என்பது இங்கே அறிவும் அன்பும் ஒன்றாக நிறையும் நேரடி அறிதல். "நான் அறியப்பட்டிருக்கிறபடியே அறிந்துகொள்ளுவேன்" என்று 1 கொரிந்தியர் 13:12 முடிவதைக் கவனியுங்கள்.

ஆனாலும் யோபு, "என் மாம்சத்திலிருந்து தேவனைப் பார்ப்பேன்" என்கிறாரே (19:26)? பழங்கால ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தினார் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். உடற்கண்ணால் இயலாது என்று முதலில் உறுதியாக எழுதியவர், முதுமையில் இன்னொரு வாய்ப்பையும் திறந்து வைத்தார். இப்போது ஒருவர் அசைவதைப் பார்த்ததுமே அவருக்கு உயிர் இருப்பதையும் காண்கிறோம் அல்லவா? உயிர்த்த கண்கள் புதிய படைப்பைப் பார்க்கும்போதும், அதில் எங்கும் நிறைந்திருக்கும் கடவுளை அவ்வளவு தெளிவாகக் காணக்கூடும் என்றார். இயேசுவின் மனித உடலை மட்டும் உயிர்த்த கண்களாலேயே காண்போம். அதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடில்லை.

5. பிறவியிலேயே பார்வை இல்லாதவங்களுக்கு?

எந்தக் குறையும் இருக்காது. இறைக்காட்சி கண்ணைச் சார்ந்ததில்லை என்பதை மேலே பார்த்தோம். உயிர்த்த உடலிலும் இன்றைய ஊனம் இருக்காது என்பது பொது நம்பிக்கை.

6. கடவுள் எல்லையில்லாதவர், நான் சின்ன மனுஷன். அந்த ஒளி என்னை எரிச்சிடாதா?

நம் இயல்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அது இயலாத காரியந்தான். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: படைக்கப்பட்ட எந்த அறிவும், வானதூதரின் அறிவும்கூட, தன் சொந்தத் திறனால் கடவுளின் உள்ளியல்பை, அதாவது அவர் தம்மிலே எப்படி இருக்கிறாரோ அதை, காண முடியாது. ஆகவே கடவுளே மனித அறிவை உயர்த்தி வலுப்படுத்துகிறார். அந்தக் கொடைக்கு மாட்சியின் ஒளி என்று பெயர். "உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்" என்ற சங்கீதம் 36:9 இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

பலரும் இந்த ஒளியைக் கடவுளுக்கும் நமக்கும் நடுவே வைத்த மூக்குக்கண்ணாடிபோல் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. அந்த ஒளி காண்பவரைப் பலப்படுத்துகிறது. கடவுளுக்குப் பதிலாக எதையும் காட்டுவதில்லை. இந்த ஒளி தேவையில்லை, மனித ஆன்மா தானாகவே கடவுளைக் காணும் என்ற கருத்தை 1311-12இல் கூடிய வியன் பொதுச்சங்கம் நிராகரித்தது.

7. தந்தை, மகன், ஆவியார்னு மூணு பேர் தெரிவாங்களா? இல்ல இயேசு மட்டும்தானா?

மூன்று அரியணைகளில் மூன்று உருவங்கள் அமர்ந்திருக்கும் ஓவியங்கள் பழகிப்போனதால் எழும் கேள்வி. 1439இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம், மூவொரு கடவுளையே அவர் இருக்கிறபடி காண்பார்கள் என்று அறிக்கையிட்டது. ஒருவரைக் கண்டு மற்ற இருவரைத் தவறவிட முடியாது, ஏனெனில் மூவருக்கும் ஒரே உள்ளியல்பு.

சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மரபில் ஜான் ஓவன் போன்ற இறையியலாளர்கள், நாம் என்றென்றும் கடவுளைக் கிறிஸ்துவின் முகத்திலேயே காண்போம் என்று அழுத்திச் சொன்னார்கள். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" (யோவான் 14:9) என்பது அவர்களின் பிடிமானம். கத்தோலிக்க இறையியல் கிறிஸ்துவின் மனிதத்தை ஒதுக்குவதில்லை. ஆனால் உள்ளியல்பைக் காண அதுவும் இடைத்திரையாக நிற்பதில்லை என்கிறது.

8. பார்த்துட்டா கடவுளைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிடுமா?

தெரியாது. காண்பது வேறு, கரைகண்டுவிடுவது வேறு. அக்வினாஸின் சூத்திரம் சுருக்கமானது: தூயோர் முழுக் கடவுளைக் காண்கிறார்கள், ஆனால் முழுமையாகக் கண்டு முடிப்பதில்லை. கடவுளுக்குப் பாகங்கள் இல்லாததால் ஒரு துண்டை மட்டும் பார்க்க வழியில்லை. அவர் எல்லையற்றவராதலால், எவ்வளவு அறியத்தக்கவரோ அவ்வளவையும் படைப்பு ஒன்று அறிந்து தீர்க்கவும் வழியில்லை.

உலகில் நடக்கும் ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரியும் என்பதும் இல்லை. தங்களைச் சார்ந்தவற்றைக் கடவுளில் காண்கிறார்கள். புனிதரிடம் வேண்டினால் அவருக்கு எப்படிக் கேட்கும் என்ற கேள்விக்குக் கத்தோலிக்க இறையியல் தரும் பதில் இதுவே. சீர்திருத்த சபைகள் இந்தப் பதிலை ஏற்பதில்லை. இதற்கு வேதாகமத்தில் கட்டளையோ வாக்குறுதியோ இல்லை என்கின்றன.

9. செத்த உடனேயா? இல்ல கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கணுமா?

சபைக்குச் சபை பதில் மாறும் இடம் இது. கத்தோலிக்கப் போதனைப்படி, அருள்நிலையில், அதாவது கடவுளோடு உறவு முறியாமல் இறந்து, தூய்மை பெற வேண்டியது எதுவும் மீதமில்லாதவர் உடனே காண்கிறார். தூய்மை பெற வேண்டியவர் அது முடிந்ததும் காண்கிறார். இருவரும் உடலின் உயிர்ப்புக்கு முன்பே காண்கிறார்கள்.

பிரஸ்பிட்டேரியன் மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை (1646), நீதிமான்களின் ஆன்மாக்கள் இறந்தவுடன் பரிசுத்தத்தில் முழுமையாக்கப்பட்டு, உடலின் மீட்புக்காகக் காத்திருந்தபடியே கடவுளின் முகத்தை ஒளியிலும் மகிமையிலும் காண்கின்றன என்கிறது. இறந்தபின் தூய்மை பெறும் நிலையான உத்தரிக்கும் தலத்தை அது ஏற்பதில்லை. ஆன்மா கடைசி நாள்வரை உறங்குகிறது என்ற கருத்தை மறுத்துச் சீர்திருத்தவாதி கால்வின் இளவயதிலேயே தனி நூல் எழுதினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையோ, இறந்தவர் உணர்வின்றி உறங்குகிறார், உயிர்ப்பில்தான் கர்த்தரைக் காண்பார் என்று போதிக்கிறது.

உடனே என்பவர்கள் காட்டும் வசனங்கள்: லூக்கா 23:43, பிலிப்பியர் 1:23, 2 கொரிந்தியர் 5:8. உறக்கம் என்பவர்கள் காட்டுபவை: பிரசங்கி 9:5, யோவான் 11:11, 1 தெசலோனிக்கேயர் 4:13-16. இரு பட்டியலையும் சேர்த்து வாசிக்காமல் வாதத்தில் இறங்க வேண்டாம்.

10. ஒரு போப்பே இதுல தப்பாப் பிரசங்கம் பண்ணாராமே, உண்மையா?

உண்மை. 22ஆம் யோவான் (1316-1334) பிரான்சின் அவிஞ்ஞோன் நகரிலிருந்து ஆட்சி செய்த திருத்தந்தை. 1331 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று அவர் ஆற்றிய மறையுரையில், தூயோரின் ஆன்மாக்கள் இப்போது கிறிஸ்துவின் மனிதத்தைக் கண்டு இளைப்பாறுகின்றன, கடவுளின் உள்ளியல்பைக் கடைசித் தீர்ப்புக்குப் பிறகே காணும் என்றார். பலிபீடத்தின் கீழிருந்து ஆன்மாக்கள் கூப்பிடும் காட்சியும் (வெளிப்படுத்தல் 6:9) கிளேர்வோ பெர்னார்டின் மறையுரைகளும் அவருக்கு ஆதாரம். தொடர்ந்து வந்த மறையுரைகளிலும் அதையே வலியுறுத்தினார்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. 1333 டிசம்பரில் பிரெஞ்சு அரசர் 6ஆம் பிலிப் கூட்டிய பாரிஸ் இறையியலாளர்கள் திருத்தந்தையின் கருத்தை மறுத்தார்கள். அவரோ, இறையியலாளர் என்ற முறையில் பேசியதுதான், திருச்சபைக்குக் கட்டளையாக விதிக்கவில்லை என்றார். 1334 டிசம்பர் 3 அன்று மரணப்படுக்கையில், கர்தினால்கள் முன்னிலையில் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்று, உடலைப் பிரிந்த தூய ஆன்மாக்கள் கடவுளை முகமுகமாய்க் காண்கின்றன என்று அறிக்கையிட்டார். மறுநாள் இறந்தார்.

அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29 அன்று விவாதத்தை முடித்துவைத்தார். நேரடியாக, எந்தப் படைப்பும் இடையில் நில்லாமல், உயிர்ப்புக்கு முன்பே கடவுளின் உள்ளியல்பைக் காண்கிறார்கள் என்று வரையறுத்தார். அந்தக் காட்சி வந்ததும் விசுவாசமும் நம்பிக்கையும் தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. நேரே காண்பவர் நம்ப வேண்டியதில்லை, அடைந்தவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அன்பு மட்டும் தொடர்கிறது. திருத்தந்தையின் தவறா வரத்தைப் பற்றி வாதிடும் இரு தரப்பும் இந்த வரலாற்றைப் பாதியாகவே சொல்கின்றன. முதல் மறையுரையையும் கடைசி அறிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

11. ஆர்த்தடாக்ஸ்காரங்க "கடவுளின் சாரத்தைப் பார்க்கவே முடியாது"ங்கறாங்களே. அப்போ அவங்களுக்கு தரிசனமே இல்லையா?

உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஆதோஸ் மலைத் துறவியர் மௌன ஜெபத்தில் தெய்வ ஒளியைக் காண்பதாகச் சொன்னார்கள். கலாப்ரியாவின் பர்லாம் என்ற அறிஞர் அதைக் கேலி செய்தார். துறவியர் பக்கம் நின்றவர் கிரகோரி பலமாஸ். கடவுளின் சாரம் (மேலே உள்ளியல்பு என்றது இதைத்தான்) எந்தப் படைப்பாலும் என்றும் எட்டப்படாதது. ஆனால் அவரிடமிருந்து புறப்படும் ஆற்றல்கள் படைக்கப்பட்டவை அல்ல, அவையும் கடவுளே. இயேசு உருமாறிய தாபோர் மலையில் சீடர்கள் கண்டது அந்த ஒளியைத்தான் என்றார். 1341, 1347, 1351 ஆண்டுகளில் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கங்கள் இதை ஏற்றன. 1 தீமோத்தேயு 6:16 இங்கே தன் முழு வலுவோடு நிற்கிறது. காட்சியும் உண்மையான இறைக்காட்சியாகவே இருக்கிறது. இறந்த ஆன்மா இப்போது பெறுவது முன்சுவை, நிறைவு கடைசித் தீர்ப்புக்குப் பிறகு என்பது அவர்களின் பொதுவான எண்ணம்.

கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது 451இல் கூடிய கால்செதோன் சங்கத்தை ஏற்காத மரபு. பலமாஸ் விவாதம் அதன் வரலாற்றில் நடந்ததல்ல.

12. இறந்தவங்க ஏற்கெனவே கடவுளைப் பார்த்துட்டிருந்தா, நவம்பர் 2ல நாம ஏன் கல்லறைக்குப் போய் ஜெபிக்கணும்?

ஏற்கெனவே காண்கிறவருக்கு நம் ஜெபம் தேவையில்லை. ஆனால் யார் அந்த நிலையில் இருக்கிறார் என்பது, புனிதராக அறிவிக்கப்பட்டவர் தவிர, நமக்குத் தெரியாது. கத்தோலிக்கர் ஜெபிப்பது தூய்மை பெற்றுக்கொண்டிருப்போருக்காக. "முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக" என்று கல்லறையருகே சொல்லும் ஜெபமே அவர்கள் இறைக்காட்சி அடைய வேண்டும் என்ற வேண்டுதல்தான்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காக ஜெபிப்பவர் அவர்களுக்காக நிறைபலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெறலாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஜெபம், எந்தப் பாவத்தின்மீதும் பற்றின்மை ஆகியவை நிபந்தனைகள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். மெழுகுதிரியும் பூவும் அன்பின் அடையாளங்கள், நிபந்தனைகள் அல்ல. பலர் அவற்றை மட்டும் செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் மரபில் 3, 9, 40ஆம் நாள் ஜெபங்கள் உண்டு. பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் நன்றி ஜெபம் மட்டும் செய்கிறார்கள்.

13. துக்க வீட்டுல "அம்மா இப்போ கடவுளைப் பார்த்துட்டிருக்காங்க"ன்னு சொல்லலாமா?

அன்பினால் சொல்வது புரிகிறது. ஆனாலும் சான்றிதழ் கொடுக்க நமக்கு அதிகாரமில்லை. கத்தோலிக்கராயிருந்தால் இன்னொரு விளைவும் உண்டு: அப்படிச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் தாய்க்காக ஜெபிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். "ஆண்டவர் தம் முகத்தை அம்மாவுக்குக் காட்டட்டும்" என்று சொல்லுங்கள். அதில் நம்பிக்கையும் இருக்கிறது, ஜெபமும் இருக்கிறது.

14. எல்லாருக்கும் ஒரே அளவு காட்சியா? கடைசி நிமிஷம் மனம் திரும்பினவருக்கும் புனிதருக்கும் ஒண்ணா?

காணப்படுபவர் ஒருவரே. காணும் ஆழம் வேறுபடும். புளோரன்ஸ் சங்கம் (கேள்வி 7) ஒருவர் மற்றவரைவிட நிறைவாகக் காண்பார் என்று சேர்த்துச் சொன்னது. அக்வினாஸ் காரணத்தை இன்னும் நெருங்கிக் காட்டுகிறார்: அதிகம் அன்பு செய்தவருக்கு அதிக ஆசை, அதிக ஆசையுள்ளவருக்குப் பெற்றுக்கொள்ள அதிக இடம். படிப்போ கூர்மையான மூளையோ கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் குறைவாகக் காண்பவருக்கு ஏக்கம் இருக்காதா என்று புனித குழந்தை இயேசுவின் தெரேசா சிறுமியாயிருந்தபோது கேட்டார். அக்கா பவுலின் அப்பாவின் பெரிய டம்ளரையும், தெரேசாவின் தையல் விரலுறையையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டிலும் விளிம்புவரை நீர் ஊற்றி, எது அதிகம் நிறைந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழியில்லை. செய்தே காட்டலாம்.

15. கோடி வருஷம் பார்த்துக்கிட்டே இருந்தா போரடிக்காதா?

இங்கே நமக்குச் சலிப்பு வருவது, கையில் உள்ளது தீர்ந்துபோவதாலோ மனம் வேறொன்றை நாடுவதாலோதான். கடவுள் தீர்ந்துபோவதில்லை (கேள்வி 8). அவரைவிட நாடத்தக்கது வேறொன்றும் இல்லை. பழங்காலக் கிழக்கத்திய ஆயர் நிசா நகர கிரகோரி இன்னும் ஒருபடி மேலே போனார்: காணும் ஆசை காண்பதாலேயே வளர்கிறது, ஆகவே இறைவனுக்குள் பயணம் முடிவதே இல்லை என்றார். மேற்கத்தியர் நிறைவான இளைப்பாறுதல் என்று பேசினார்கள். எங்களுக்குக் கிரகோரியின் பேச்சு மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

சும்மா உட்கார்ந்து பார்ப்பது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். அங்கே ஊழியஞ்செய்வார்கள், ஆளுகை செய்வார்கள் என்கிறது வெளிப்படுத்தல் 22:3-5.

16. கடவுளையே பார்த்துட்டிருந்தா, என் வீட்டுக்காரர், பிள்ளைங்க எல்லாம் மறந்துடுமா?

மறக்காது. மரணத்தால் பிரிந்தவர்களோடு மீண்டும் சேர்க்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பில் ஒருவரையொருவர் தேற்றச் சொல்கிறார் பவுல் (1 தெசலோனிக்கேயர் 4:13-18). உயிர்த்தபின் பெண்கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்ற மத்தேயு 22:30 புதிய திருமணங்களும் பிள்ளைப்பேறும் இராது என்கிறது. கணவன் மனைவி அன்பு அழிக்கப்படும் என்று அங்கே இல்லை. கடவுளைக் காண்பவர் தாம் நேசித்தவரை அவரில் காண்கிறார், பொறாமையும் பயமும் கலக்காமல்.

17. என் மகன் அங்கே இல்லைன்னா, நான் எப்படி சந்தோஷமா இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு வலியைத் தீர்க்கும் பதில் எங்களிடம் இல்லை. மீட்படைந்தோர் கடவுளின் நீதியை முழுவதுமாகக் காண்பதால் அவர்களின் மகிழ்ச்சி குலையாது என்பது பழைய இறையியலாளர்களின் பதில். அது சரியாயிருக்கலாம், ஆனால் ஒரு தாயின் முன் அதை முதல் வாக்கியமாக வைக்கக் கூடாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. பலரைப் புனிதர் என்று திருச்சபை அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் மனம் திரும்பும் வாய்ப்பைத் தாம் மட்டுமே அறிந்த வழியில் கடவுள் தர முடியும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (பத்தி 2283) சொல்கிறது. மகனுக்காக ஜெபிப்பதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

18. ஞானஸ்நானம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே குழந்தை இறந்துடுச்சு. அது கடவுளைப் பார்க்காதா?

இடைக்கால மேற்கத்திய இறையியலாளர் பலர், அத்தகைய குழந்தைகள் துன்பமின்றி, இயல்பான மகிழ்ச்சியோடு, ஆனால் இறைக்காட்சி இல்லாமல் லிம்போ என்னும் நிலையில் இருக்கும் என்றார்கள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அவர்கள் மீட்படைந்து இறைக்காட்சி பெறுவார்கள் என்று நம்பத் தகுந்த காரணங்கள் உண்டு என்ற முடிவுக்கு வந்தது. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்ற இயேசுவின் சொல்லை மறைக்கல்வி நூல் (பத்தி 1261) இங்கே நினைவூட்டுகிறது. குழந்தையை இழந்த பெற்றோருக்கு லிம்போவைச் சொல்லி வதைத்த காலம் போய்விட்டது. இன்றும் அந்த வேதனையைச் சுமக்கும் தாய்மாரிடம் 2007இன் முடிவை எடுத்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கென அடக்கத் திருப்பலி ஜெபங்களும் உள்ளன, பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.

19. இது முக்தி மாதிரிதானா? கடவுளோட கலந்துடறதா?

கிறிஸ்தவப் போதனையில் ஆன்மா கடவுளில் கரைந்துவிடுவதில்லை. காண்பவர் ஒருவர், காணப்படுபவர் ஒருவர். இருவருக்கும் இடையே அன்பு. நாம் அவருக்கு ஒப்பாயிருப்போம் என்கிறது 1 யோவான் 3:2, அவராகிவிடுவோம் என்று சொல்வதில்லை. கிழக்கத்தியர் தெய்வமாக்கப்படுதல் என்று துணிந்து பேசும்போதும், சாரத்தை எட்ட முடியாது என்ற எல்லையைக் (கேள்வி 11) கடக்க மாட்டார்கள்.

முக்தி என்பதிலும் பல கொள்கைகள் உண்டு. அத்வைதம் சொல்வது ஒன்று, சைவ சித்தாந்தம் சொல்வது வேறு. சித்தாந்தத்தில் முக்தி நிலையிலும் உயிர் அழிவதில்லை, இறைவன் திருவடியில் இன்பம் நுகர்கிறது. ஆகவே எல்லாம் ஒன்று என்றோ எதிலும் ஒப்புமையில்லை என்றோ அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

20. லூசிபர் கடவுள் பக்கத்துல இருந்தே விழுந்தானே. நாமளும் அங்க போய் பாவம் செஞ்சிட மாட்டோமா?

தூதர்கள் சோதிக்கப்பட்டபோது இன்னும் இறைக்காட்சியை அடைந்திருக்கவில்லை என்பது அக்வினாஸ் முதலானோரின் பதில். நன்மையின் ஊற்றையே நேரில் காண்பவர், அதைவிட நல்லது என்று வேறொன்றைத் தேர்ந்தெடுக்க ஏமாறுவதில்லை. அதனால் சுதந்திரம் பறிபோவதில்லை. கடவுளாலும் பாவம் செய்ய முடியாது, அதனால் அவர் சுதந்திரமற்றவர் என்று யாரும் சொல்வதில்லையே.

21. "நான் செத்துப் பிழைச்சேன், பரலோகம் போய் கர்த்தரைப் பார்த்தேன்"னு சாட்சி சொல்றாங்க. நம்பலாமா?

கண்ட அனுபவத்தைப் பொய் என்று தூக்கியெறிய வேண்டாம். ஆனால் அது இந்தப் பக்கத்தில் பேசும் இறைக்காட்சி அல்ல. அந்தக் காட்சி இழக்கப்படாதது, அதிலிருந்து யாரும் திரும்பி வருவதில்லை. மோசேயும் பவுலும் மட்டும் இவ்வுலகில் இருந்தபடியே நொடிப்பொழுது உள்ளியல்பைக் கண்டிருக்கலாம் என்று அகுஸ்தினாரும் அக்வினாஸும் கருதினார்கள்.

பவுலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள் (2 கொரிந்தியர் 12:1-7). மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் பதினான்கு வருடம் கழித்து, வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார். கேட்டதை விவரிக்க மறுக்கிறார். பெருமை வராமலிருக்க முள் கொடுக்கப்பட்டது என்கிறார். பரலோகத்தில் பார்த்த வீடுகளின் அளவு சொல்லி, இன்னாரை நரகத்தில் கண்டேன் என்று பெயர் சொல்லி, முடிவில் காணிக்கை கேட்கும் சாட்சி இந்த அளவுகோலில் நிற்காது.

22. ஆன்மாவே கடவுளைப் பார்த்துட்டா, அப்புறம் உடம்பு எதுக்கு உயிர்க்கணும்?

12ஆம் பெனடிக்டின் வரையறைக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 22ஆம் யோவானின் கவலையிலும் ஒரு நியாயம் இருந்தது: கடைசி நாளுக்கு ஏதாவது மீதம் இருக்க வேண்டாமா? அக்வினாஸ் இளவயதில், உடல் திரும்பக் கிடைத்ததும் காட்சியின் செறிவே கூடும் என்று எழுதினார். பின்னாளில் மாற்றிக்கொண்டார். காண்பதன் செறிவு கூடாது, ஏனெனில் ஆன்மா ஏற்கெனவே கடவுளையே பெற்றிருக்கிறது. மகிழ்ச்சியின் பரப்பு கூடும், ஆன்மாவிலிருந்து உடலுக்கும் வழியும் என்றார்.

ஆன்மா மட்டும் முழு மனிதன் அல்ல என்பதும் அவர் சொன்னதுதான். மரியாவிடம் பிறந்து, பசித்து, அறையப்பட்டு, காயத்தழும்போடு உயிர்த்தவர் ஓர் உடலோடு தந்தையின் வலப்பக்கம் இருக்கிறார். மீட்கப்பட்டது கையும் காலும் குரலும் உள்ள மனிதன். "உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன்" என்று ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவது அந்த மனிதனுக்காகத்தான்.